வழியிலே தொலைந்த வெளிச்சம்

‘விளக்கு’ என்னும் சொல்லுக்குப் பொருள் கூற நேரும்போதெல்லாம் நான் கரும்பலகையில் மூன்று வாக்கியங்களை எழுதுவது வழக்கம். விளக்கு எரிகின்றது, செய்யுளின் பொருளை விளக்கு, பாத்திரத்தை விளக்கு. முதல் வாக்கியத்தில் அது பெயர். ஏனை இரண்டிலும் ஏவல் வினை. ஒளி தருவது, தெளிவு தருவது, அழுக்கை நீக்குவது ஆகிய மூன்றையும் தமிழ் ஒரே சொல்லில் அடக்கி வைத்திருக்கின்றது. இதனை ஆண்டுதோறும் வகுப்பிலே சொல்லி வந்த எனக்கு, அம்மூன்று பொருளையும் ஒரே மாலைப்பொழுதில், ஒரே இடத்தில், கண்முன்னே காணும் பேறு அண்மையிற் கிட்டியது. இடம், திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஒரு சிறு வேலைத்தலம். கற்பித்தவர் இலக்கணம் பயின்ற புலவரல்லர். பழைய மோட்டார் வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கும் ஒரு முதியவர்.

என் தம்பி தம்பலகாமத்தில் வயல் செய்கின்றவன். அவனிடம் 1964ஆம் ஆண்டில் உருவான லாண்ட் றோவர் ஒன்று உண்டு. நெல்மூட்டை ஏற்றவும், சேற்று வழியில் வயலுக்குச் செல்லவும், வேண்டும்போது வீட்டாரைப் பட்டணத்துக்குக் கொண்டுபோகவும் அஃதொன்றே வண்டி. புதியது வாங்கலாகாதா என்று கேட்போர் நாட்டு நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அக்கதவு மீண்டும் திறந்தது 2025இன் தொடக்கத்திலேதான். இடைப்பட்ட காலத்தில் இலங்கையர் பலர் பழைய வண்டியையே பழுதுபார்த்துப் பேணக் கற்றுக்கொண்டனர். என் தம்பியும் அவர்களுள் ஒருவன்.

திருகோணமலையார்க்கு இவ்வகை வண்டிகள் புதியன அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படை இத்துறைமுகத்தைப் பெருந்தளமாகக் கொண்டிருந்தது. நேச நாட்டுப் படைகள் சென்ற இடமெங்கும் அமெரிக்க ஜீப்பும் உடன் சென்றது. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்ட் என்னும் இரு நிறுவனங்களும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. அந்த ஜீப்பின் முன்விளக்குகள் கீல் வைத்துப் பொருத்தப்பட்டவை. இரவில் இயந்திரம் பழுதானால் விளக்கையே பின்புறமாகத் திருப்பி, அதன் ஒளியில் வேலை பார்க்கலாம். அவற்றோடு ‘இருட்டடிப்பு விளக்கு’ என்று ஒன்றும் இருந்தது. வானிலிருந்து பகைவர் காணாவண்ணம், தெருவிலே மட்டும் சிறிதளவு ஒளியைச் சிந்துவது அதன் தொழில். 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் வந்து தாக்கிய இந்நகரத்துக்கு, ஒளியை மறைப்பதன் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

போர் முடிந்தபின், தம் பண்ணையில் ஒரு ஜீப்பை வைத்து வேலை வாங்கிய மோரிஸ் வில்க்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், அதைப் போன்றதொரு வண்டியைத் தம் நாட்டிலேயே செய்ய எண்ணினார். 1948 ஏப்பிரல் 30ஆம் நாள் ஒல்லாந்தின் அம்ஸ்ரர்டாம் நகரக் கண்காட்சியில் லாண்ட் றோவர் அரங்கேறியது. உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவிய காலமாதலால் அதன் உடலை அலுமினியக் கலவைத் தகட்டாற் செய்தார்கள். 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையை விட்டு அகன்றது. லாண்ட் றோவர்களோ இன்றும் இந்நாட்டு வீதிகளில் ஓடுகின்றன.

பெரிய குமிழ் செய்த கேடு

தம்பியின் வண்டியில் எல்லாம் நன்று. வெளிச்சம் மட்டும் நன்றன்று. இரவிலே பார்த்தால் முன்விளக்குகள் இரண்டும் எண்ணெய் வற்றிய அகல்போல மஞ்சளித்துக் கிடக்கும். பட்டணத்துக் கடையொன்றிலே முறையிட்டபோது, கடைக்காரர் 100 உவாற்றுக் குமிழ்கள் இரண்டைக் கொடுத்து, “இதைப் பூட்டினால் இரவு பகலாகும்” என்றாராம். பூட்டினான். இரவு பகலாகவில்லை. வெளிச்சம் சிறிது கூடிற்று. கூடவே, ஆளியைச் சூழ்ந்த தகட்டிலே ஒரு சூடும், கருகல் மணமும் தோன்றின. நெல் வேலை மும்முரத்தில் அதனை அவன் பொருட்படுத்தவில்லை.

மார்கழி மாதத்து மழையிரவு ஒன்றில் எங்கள் சின்னம்மாவுக்கு நெஞ்சுவலி கண்டது. காத்திருக்க மனம் ஒப்பாமல் அந்த வண்டியிலேயே அவரை ஏற்றிக்கொண்டு திருகோணமலை வைத்தியசாலைக்குப் புறப்பட்டோம். தம்பி ஓட்டினான், நான் சின்னம்மாவைத் தாங்கியபடி பின்னே இருந்தேன். பாலம்போட்டாற்றைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் விளக்குகள் இருமுறை துடித்தன; பின்னர் முற்றாக அவிந்தன. தம்பி தடையை அழுத்தினான். ஈரத் தெருவில் வண்டி வழுக்கிச் சென்று, சரிந்து நின்றது. மின்பொறி விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கிப் பார்த்தோம். எமக்கு முன்னே பத்தடி தூரத்தில், தார்த் தெருவின் வெதுவெதுப்பை நாடி எருமைகள் ஐந்தாறு படுத்துக் கிடந்தன. அவை அசையவுமில்லை. இடப்புறத்துச் சில்லு வாய்க்காலின் விளிம்பிலே நின்றது.

பின்னே வந்த பாரவண்டிக்காரர் ஒருவர் வழித்துணையானார். அவருடைய வண்டியின் சிவப்பு விளக்கைத் தொடர்ந்து ஊர்ந்து சென்று வைத்தியசாலையை அடைந்தோம். சின்னம்மா பிழைத்தார். ஆயினும் அன்றிரவு அந்த எருமைகளின் இடத்தில் ஒரு மனிதர் நடந்து சென்றிருந்தால் என்னவாகும் என்னும் எண்ணம் என்னை விட்டு நீங்கவில்லை. அடுத்த கிழமையே தம்பியை அழைத்துக்கொண்டு துறைமுகப் பக்கத்து முதியவரிடம் சென்றேன்.

குளத்திலே நீர், கடைமடையிலே வறட்சி

நானா (அவரை ஊரார் அனைவரும் அவ்வாறே அழைப்பர்) முதலிற் செய்தது, அந்தப் பெரிய குமிழ்களைக் கழற்றி அப்பால் வைத்ததுதான். கருகிய ஆளிக்கு மாற்று ஒன்று இட்டு, வழமையான குமிழ்களைப் பூட்டி, இயந்திரத்தை ஓடவிட்டு, விளக்குகளை ஏற்றினார். பின்னர் ஒரு மின்மானியை எடுத்துப் பற்றரியின் இரு முனைகளிலும் வைத்துப் பார்த்தார், 13.2 வோல்ற்று. அதையே முன்விளக்கின் முதுகிலே வைத்துப் பார்த்தார், 11 வோல்ற்று.

“லைற்றிலே பிழை இல்லை, பண்டிதர். கரண்டு வந்து சேரும் வழியிலேதான் பிழை” என்றார்.

இதனைக் கேட்ட தம்பி சட்டென்று, “குளம் நிறைந்திருக்க, எங்கள் கடைமடை காய்வதுபோல என்கிறீர்களா, நானா?” என்றான்.

“அதேதான், தம்பி.”

கந்தளாய்க் குளத்து நீரை நம்பி வயல் செய்வோர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. குளத்திலே நீர் தளும்பும். வாய்க்கால் தூர்ந்து, கரை கசிந்து, வழிநெடுக வீணாகிக் கடைசி வயலுக்குக் கால்வாசி நீரே சென்று சேரும். அங்கே பயிர் வாடுகிறதென்று வயலைப் பெரிதாக்கினால் நீர் கூடுமோ? நூறு உவாற்றுக் குமிழ் செய்த வேலை அத்தகையது. இரண்டு குமிழும் சேர்ந்து 200 உவாற்று. 12 வோல்ற்றிலே பதினாறு அம்பியருக்கு மேல். அத்தனை மின்னோட்டத்தையும் அறுபது ஆண்டுப் பழமையான ஓர் ஆளி தாங்குதல் வேண்டும். தாங்க மாட்டாமல் அது வெந்தது.

நானா வழியை ஒவ்வொரு பகுதியாக அளந்து காட்டினார். முன்னிருக்கும் ஆளியைக் கடக்கையில் 0.7 வோல்ற்று இழப்பு. ஒளியைத் தாழ்த்துவதற்குக் காலால் அழுத்தும் தரையாளியில் 0.5; மெல்லிய பழங்கம்பியிலும் அதன் இடையிலுள்ள பொருத்துகளிலும் 0.6; விளக்கிலிருந்து மின் திரும்பிச் செல்லும் புவித்தொடுப்பிலே 0.4. கூட்டினால் 2.2. எந்த ஓரிடத்திலும் பெரிய திருட்டு இல்லை; நான்கு இடங்களிலே நான்கு சிறு கசிவுகள்.

இரண்டு வோல்ற்றுத்தானே என்று அலட்சியம் செய்தல் கூடாது. சூடேறி ஒளிரும் மின்னிழையின் இயல்பு விந்தையானது. அழுத்தம் சிறிது குறைந்தால் ஒளி பெரிதும் குறையும். அழுத்தத்தின் ஏறக்குறைய மூன்றரை மடிப்பெருக்கத்தை ஒட்டியே ஒளி மாறும் என்பது பொறியியலார் கணக்கு. அதன்படி அழுத்தம் பத்திலொன்று குறைந்தால் ஒளியிற் பத்தில் மூன்று போய்விடும். 13.2 வோல்ற்று 11 ஆகும்போது எஞ்சுவது பாதியை ஒட்டிய ஒளியே. மணிக்கு 40 மைல் வேகத்திற் செல்லும் வண்டி உலர்ந்த வீதியிலே நிற்பதற்கு 36 மீற்றர் வேண்டும் என்று பிரித்தானிய வீதிக் கைநூல் கூறும். ஈரத்திலே இன்னும் கூடும். நிற்பதற்கு வேண்டிய தூரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலும் மிகுமாயின், ஓட்டுபவன் எத்துணைக் கெட்டிக்காரனாயினும் குருடனே.

அஞ்சல் என்னும் நல்ல பெயர்

இதற்கு மருந்து ‘றிலே’ என்றார் நானா. தீப்பெட்டியிற் சிறியதாகிய ஒரு கறுத்தப் பெட்டியைக் கையிலே தந்தார். அதனுள்ளே ஒரு கம்பிச்சுருள். சுருளுக்கு மேலே ஓர் இரும்பு நாக்கு. நாக்கின் நுனியில் ஒரு தொடுகை. சுருளில் மின் பாய்ந்தால் அது காந்தமாகி நாக்கை இழுக்கும். தொடுகை சேர்ந்து, பெரிய மின்னோட்டத்துக்கு வழி திறக்கும். சுருளுக்கு வேண்டியது அம்பியரில் ஆறிலொரு பங்கு அளவே. தொடுகை தாங்குவதோ முப்பது அம்பியர்.

இக்கருவி மோட்டார் வண்டிக்கென்று பிறந்ததன்று. 1835ஆம் ஆண்டளவில் அமெரிக்க அறிஞர் யோசேப்பு என்றி இதன் தத்துவத்தைச் செய்து காட்டினார். அக்காலத்துத் தந்திக்கு ஒரு பெருங்குறை இருந்தது. நெடுந்தூரக் கம்பியிற் செல்லச் செல்ல மின் மெலிந்துவிடும். மெலிந்து வந்த அந்த மின், இடைவழியில் ஒரு சிறு காந்தத்தை இழுக்க, அக்காந்தம் புதியதொரு மின்கலத்தின் வலிய ஓட்டத்தை அடுத்த கம்பிக்குத் திறந்துவிடும் முறையாலே அக்குறை தீர்ந்தது. களைத்த குதிரையை நிலையத்தில் விட்டுப் புதிய குதிரையிலேறித் தூதுவன் செல்லும் பழைய வழக்கத்துக்குரிய பெயரையே இதற்கும் இட்டார்கள்.

தமிழிலே அவ்வாறு மாறி மாறிக் கொண்டுசெல்லும் தபாலை ‘அஞ்சல்’ என்போம். நம் பாடசாலை விளையாட்டுப் போட்டியிலே ஒருவன் கையிலுள்ள கோலை மற்றொருவன் வாங்கி ஓடுவது ‘அஞ்சலோட்டம்’. ஆகவே இக்கருவியை ‘அஞ்சலாளி’ எனலாமென்று நான் கூறியபோது நானா சிரித்தார். “நீங்கள் எந்தப் பெயரும் வையுங்கள், பண்டிதர். கம்பியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்” என்றார். மாற்றிக் கொடுப்பதற்கு இடமில்லாதபடி கருவியின் கால்களிலே எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன. 30 என்பது பற்றரியிலிருந்து வருவது. 87 என்பது விளக்குக்குச் செல்வது. 85, 86 என்பன கட்டளையைக் கொண்டுவரும் சுருளின் இரு முனைகள்.

தம்பிக்கு இங்கும் வயலே நினைவுக்கு வந்தது. வட்டவிதானை மதகைத் திறக்கச் சொல்கின்றார். நீரை அவர் தலையிலே சுமப்பதில்லை. பழைய முறையில் ஆளி கட்டளையும் இட்டது, சுமையும் சுமந்தது. இனி அது கட்டளையை மட்டும் இடும்; சுமையைத் தடித்த கம்பியும் அஞ்சலாளியும் சுமக்கும்.

மூன்றாவது பொருள்

வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிந்தது. செய்த முறையைச் சுருங்கக் கூறுவேன். தொடங்குமுன் நானா பற்றரியின் இணைப்பைக் கழற்றினார். பின்னர் பற்றரிக்கு அருகிலிருந்து, பழையதிலும் தடித்த செப்புக் கம்பி இரண்டை எடுத்தார். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் 15 அம்பியர் உருகி ஒன்றை வைத்தார். அக்காலத்துப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றிலே முன்விளக்குக்கு உருகி இட்டாரில்லை. கம்பி உராய்ந்து தீப்பிடித்தாற் காப்பதற்கு எதுவுமில்லை. அஞ்சலாளிகளும் இரண்டு: ஒன்று உயர்ந்த ஒளிக்கு, மற்றொன்று தாழ்ந்த ஒளிக்கு. ஒன்று பழுதானாலும் மற்றது எரியும். எங்களுக்கு நேர்ந்தது போல எல்லாம் ஒருங்கே இருளாது.

பழைய கம்பிகளுட் கட்டளைக்கு எவை உதவும் என்பதை அவற்றின் நிறமே கூறிற்று. பிரித்தானிய முறையிலே நீலத்தில் வெள்ளைக் கோடு உயர்ந்த ஒளி. நீலத்தில் சிவப்புக் கோடு தாழ்ந்த ஒளி. முன்னர் விளக்குக்குச் சென்ற அவ்விரு கம்பிகளும் இப்பொழுது அஞ்சலாளிகளின் சுருளுக்குச் சென்றன. இவ்வண்டியிற் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருந்தது. 1960களின் பிற்பகுதி வரை அதுவே அவ்வண்டிகளின் வழக்கம். வெறுஞ்சுருளுக்கு நேர், எதிர் என்னும் வேற்றுமை இல்லை. உள்ளே இருவாயி வைத்த அஞ்சலாளிக்கோ அவ்வேற்றுமை உண்டு. ஆதலால் அவ்வகையை நானா விலக்கினார்.

இனி, விளக்குதல். கடற்காற்று வீசும் ஊரிலே அலுமினியமும் உருக்கும் சேருமிடமெல்லாம் உப்பு புகுந்து அரிக்கும். விளக்கிலிருந்து மின் திரும்பும் வழி அவ்வாறு வெண்பொடி பூத்த ஒரு திருகாணியிலே முடிந்தது. நானா அதனைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை விளக்கினார்; பிறகு ஈரம் புகாதபடி சிறிது கிறீஸ் தடவினார். அதையும் நம்பி விடாமல், ஒவ்வொரு விளக்குக்கும் தனிக் கறுப்புக் கம்பி இட்டு வண்டியின் சட்டத்தோடு இணைத்தார். பாத்திரம் விளக்கும் அந்த வினையை அவர் கையிலே கண்டபோதுதான் என் கரும்பலகை வாக்கியங்கள் மூன்றும் எனக்கு ஒருங்கே நினைவுக்கு வந்தன.

விளக்கின் ஏழங்குலக் கிண்ணங்கள் துருவேறி மங்கியிருந்தமையால் அவற்றையும் மாற்றினார். 1971இல் வழக்குக்கு வந்த எச்4 என்னும் அலசன் குமிழைப் பூட்டினார். உயர்ந்த ஒளிக்கு 60 உவாற்று, தாழ்ந்த ஒளிக்கு 55. “இன்னும் பெரிது வேண்டாமா?” என்று தம்பி கேட்டான். அதற்கு நானா வண்டியின் டைனமோவைக் காட்டினார். அக்காலத்து டைனமோ முழு வேகத்திலே தருவது ஏறத்தாழ இருபது அம்பியர். இயந்திரம் மெல்ல ஓடும்போது அதுவும் இல்லை. முன்விளக்குக்குப் பத்து, பின்விளக்குக்கும் மழைத்துடைப்பானுக்கும் இயந்திரத்தின் தீப்பொறிக்கும் மற்றவை. வரவறிந்தே செலவு செய்தல் வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் மீண்டும் மின்மானி. விளக்கின் முதுகிலே 12.8 வோல்ற்று. கணக்குப் பார்த்தால், வரவேண்டிய ஒளியிற் பத்தில் ஒன்பது பங்கு வந்து சேர்ந்தது.

எதிரே வருபவன்

இத்துடன் நானா விடவில்லை. வண்டியை ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி, சுவரிலே கரிக்கோடிட்டு, தாழ்ந்த ஒளி கோட்டுக்கு மேலே ஏறாதபடி திருகாணிகளைத் திருப்பினார். “நீங்கள் பார்க்க வெளிச்சம் வேண்டும், எதிரே வருகிறவனுக்குக் கண் வேண்டும்” என்றார்.

அவர் கூறிய இன்னொன்று பலரும் அறியாதது. நாம் இடப்புறம் செல்வோர். ஆதலின் தாழ்ந்த ஒளி இடப்புறத்து ஓரத்தை நோக்கியே சற்று உயர்தல் வேண்டும். வலப்புறம் செல்லும் நாடுகளுக்கென வார்த்த கண்ணாடியை மலிவென்று வாங்கிப் பூட்டினால் அவ்வொளி எதிரே வருபவன் கண்ணிலே பாயும். இந்நாளிற் பலர் பழைய கிண்ணத்திலேயே எல்.ஈ.டி. குமிழைச் செருகுகின்றனர். இழை நின்ற இடத்திலே ஒளி நில்லாமையால், கிண்ணம் அதனை ஒழுங்குபடுத்த மாட்டாது கண்டவாறு சிதறுகின்றது. ஓட்டுபவனுக்குப் பெருவெளிச்சம் போலத் தோன்றும். எதிரே மிதிவண்டியில் வரும் ஏழைக்கு அது கண்ணிலே வீசிய மணல்.

கொட்டியாற்றுக் குடாவின் வாயிலிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த வெளிச்சவீடு ஒன்று உண்டு. வெளிச்சவீட்டுக் கலையை வளர்த்தவர்கள், சுடரைப் பெருக்குவதிலும் பார்க்க, உள்ள சுடரைச் சிதறாமல் திரட்டி வேண்டிய திசைக்கு அனுப்புவதிலேயே பெரிதும் கருத்தூன்றினார்கள். மோட்டார் வண்டியின் விளக்குக்கும் நெறி அதுவே.

அன்றிரவு தம்பியோடு தம்பலகாமம் திரும்பினேன். முன்னர் நாங்கள் வழுக்கி நின்ற இடத்துக்குச் சிறிது இப்பால், வெகுதூரத்திலே தெருவின் குறுக்கே இணை இணையாகப் பச்சைப் பொறிகள் மின்னின. எருமைக் கண்கள். தம்பி பதறவில்லை, வேகத்தைத் தணித்து, நிறுத்தி, அவை எழுந்து போகும்வரை காத்திருந்தான். சிறிது நேரத்தில் எதிரே ஒரு பேருந்து வந்தது. தம்பி காலால் ஆளியை அழுத்த, பெட்டியினுள் ‘டிக்’ என்று ஓர் ஒலி. எங்கள் ஒளி தாழ்ந்தது. மறுகணமே பேருந்தின் ஒளியும் தாழ்ந்தது. ஒருவரையொருவர் அறியாத இரு சாரதிகள் அவ்வாறு வழிவிட்டுச் சென்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டிலே சின்னம்மா விழித்திருந்தார். “வெளிச்சம் இப்போது எப்படி?” என்றார். “வழியைத் திருத்தினோம், சின்னம்மா, வந்து சேருகிறது” என்றேன்.